பட்டுப் புடவைக்குள் ஒரு பெல்ட்

பட்டுக்கடையில் விற்பனைப் பெண்ணுக்கு முதல் தகுதி சிரித்த முகம் என்பார்கள். என்னைக் கேட்டால், நாள் முழுக்க மெத்தையில் உட்கார்ந்து உட்கார்ந்து எழத் தெம்புள்ள இடுப்பு. வயிற்றில் பிள்ளையோடு வேலைக்குப் போன தோழிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏழாம் மாதத்தில் எனக்குத் தொடை சேருமிடத்தில் எலும்பு பிளப்பதுபோல் வலி. ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்ட முடியாது. வேலையை விட்டுவிடலாம்தான். ஆனால் வீட்டுக்காரர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூர். காதல் கல்யாணம் என்பதால் அம்மா வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடையையும் விட்டால் எனக்குத் துணை டிவிதான். அதை நினைத்தால் வலியைவிடப் பயமாக இருந்தது.

செய்தித்தாளில் சுற்றிய பொருள்

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சீட்டில் கர்ப்பிணிகள் கட்டும் பெல்ட் ஒன்றை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மருந்துக் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். எப்படிக் கட்டுவது என்று கேட்டேன். பின்னால் நின்ற நாலு ஆண்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் சொன்னார்: "அதெல்லாம் வீட்ல பெரியவங்க இருப்பாங்க இல்லம்மா, அவங்க கட்டி உடுவாங்க."

ஒல்லியாகக் காட்டும் புடவை

எங்கள் வீட்டில் பெரியவள் நான்தான். தொப்புளுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

எங்கள் கடையில் புடவையைப் பிரித்துப் போட்டால் போதாது. நாங்களே மேலே சுற்றிக்கொண்டு முந்தானையை விரித்துக் காட்ட வேண்டும். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அரக்குக் கலரைக் காட்டச் சொன்னார். சுற்றி நின்றேன். மூச்சு முட்டியது, வலியும் குறையவில்லை, சிரிப்பை மட்டும் விடவில்லை. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "ஏழு மாச வயித்தையே அமுக்கிக் காட்டுது பாரு, இதையே எடுத்துக்கலாம்."

ஸ்டாக் ரூம்

அன்று மதியம் கீழ்த்தட்டிலிருந்து புடவை எடுக்க ஸ்டாக் ரூமில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. மேனேஜர் பார்த்தால் நாளையிலிருந்து வீட்டிலேயே இரும்மா என்பார், நல்ல மனதோடுதான். அந்த நல்ல மனதுக்குப் பயந்து சத்தம் வராமல் அழுதேன்.

புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் ரெஹானா அக்கா நூல்கண்டு தேடி உள்ளே வந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தி, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுக்க வைத்து, பெல்ட்டை அவிழ்த்தார். வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பைச் சுற்றி வைத்து ஒட்டினார். எழுந்து நாலடி நடந்தேன். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் கால் என் பேச்சைக் கேட்டது. யாரிடமும் எதையும் கேட்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குக் கோபம்: "வயித்த தாங்கத்தான் இது, நசுக்க இல்ல. பத்தடி தள்ளி மிஷின்ல குந்திக்கினு இருக்கேன், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?"

வளைகாப்புப் புடவை

ஒன்பதாம் மாதம்வரை ஓட்டிவிட்டேன். லீவு போடுவதற்கு முந்தின நாள், முசரவாக்கத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே வளைகாப்புப் புடவை எடுக்க வந்தது. அத்தை, நாத்தனார், சித்தி என்று பத்துப் பேர். பச்சையா, மாம்பழக் கலரா என்று பெரிய சண்டை. ஒளிப்பானேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

யாருக்கு வளைகாப்போ அந்தப் பெண் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். உட்காரச் சொன்னால் வேண்டாம் என்றாள். உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்ற பயம் எனக்குத் தெரியாததா? ஜாக்கெட் அளவு பார்க்கலாம் என்று பொய் சொல்லி ட்ரையல் ரூமுக்குக் கூட்டிப்போனேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். என் பெல்ட்டை அவிழ்த்து அவளுக்குக் கட்டிக் காட்டினேன். டாக்டரிடம் கேட்டு இப்படி ஒன்று வாங்கிக்கொள் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வீடு நிறைய ஆளுங்க இருக்காங்க அக்கா. வலிக்குதுன்னா, நாங்கள்லாம் பெத்துக்கலையான்றாங்க. எங்க வலிக்குதுன்னு நீங்கதான் மொத மொத கேக்கறீங்க."

தனிமைக்குப் பயந்து ஒன்பது மாதம் கடையை விடாமல் நின்ற நான், கடைசி நாளில் கிடைத்த தோழியிடம் பெயரைக்கூடக் கேட்காமல், பச்சைப் புடவையை மடித்துக் கொடுத்து, "மறுபடி வாங்க மேடம்" என்று அனுப்பிவைத்தேன்.