கண்ணாடிப் பஞ்சும் மாமியின் பூனையும்

என் அறை மூலையில் மஞ்சள் நிறச் சுருள் ஒன்று சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் மெத்தை என்று நினைத்து உட்காரப் போவார்கள்; நான் ஓடிப்போய்த் தடுப்பேன். அது கண்ணாடிப் பஞ்சு. மேலே பட்டால் பெருநாள் வரைக்கும் சொறியலாம். ஆனால் வெக்கையைத் தடுப்பதில் அதற்கு நிகரான பொருளை நான் கண்டதில்லை. தடுப்புச் சுவரிலிருந்து கழற்றியதை ஏன் திரும்பப் பொருத்தவில்லை என்று கேட்பவர்களிடம் நேரமில்லை என்கிறேன். நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு நேரமில்லை என்பதையும் நம்புகிற அளவுக்கு எங்கள் ஊர் மக்கள் நல்லவர்கள்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. கல்யாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போவான். அவள் போய்விட்டால் அந்தப் பெட்டியோடு வெளியே வருவான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது என் மனைவியும் மாமாவும் வீடும் சேர்ந்து போனார்கள், அது என் பெட்டியையும் விட்டுவைக்கவில்லை. அன்று நான் நாவிதன்வெளியில் ஒரு நண்பனின் வயலில் நின்றேன். மனைவியின் தாயான மாமி மாவடிப்பள்ளியில் தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மிஞ்சியது மாமியும் நானும்தான். அதிகாரிகள் எங்கள் இருவரையும் ஒரு குடும்பமாகப் பதிந்து, ஒரு தகரக் கொட்டிலைத் தந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமி அந்தக் கால மனுசி. கல்யாணமாகி அத்தனை வருடமும் மருமகனுடன் நேருக்கு நேர் கதைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். இப்போது மகளும் இல்லை, கதவும் இல்லை. நடுவில் ஒரு சீலை தொங்கியது. முதல் சில நாட்கள் நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து சேர்ந்தது. அன்று பின்னேரம் சீலைக்கு அந்தப் பக்கமிருந்து மாமியின் குரல் கேட்டது: “பூனெ, மருமகனுக்குத் தேத்தண்ணி ஊத்தி வெச்சிரிக்கி. ஆறப் போகுது.” நானும் சளைக்காமல், “பூனெ, சீனி கொஞ்சம் கூடிப்போச்செண்டு சொல்லு” என்றேன். “பூனெ, வேணுமெண்டாக் குடிக்கச் சொல்லு, வேணாட்டி நீ குடி.” மகளை இழந்தவருக்கும் மனைவியை இழந்தவனுக்கும் நடுவே இந்த உலகத்தில் எஞ்சியிருந்த பேச்சு அது ஒன்றுதான். பூனை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

தகரத்தின் கீழ் பகல் நேரம் அடுப்புக்குள் இருப்பது போல. நான் சட்டையைக் கழற்றலாம். மாமியோ நான் இருப்பதால் முக்காட்டை இறக்கமாட்டார். “பூனெ, அத்தின புத்தகம் படிச்சவரு வெக்கைக்கு ஒரு வழி படிக்கல்லியாமா எண்டு கேளு” என்று ஒருநாள் குத்தினார். அன்றே ஆராய்ச்சியைத் தொடங்கினேன். கூரைமேல் பின்னிய தென்னங்கிடுகு போட்டேன். குளிர்ச்சி அருமை, வாடைக்காற்று அதைப் பக்கத்துக் கொட்டிலாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. உள்ளே வைக்கோல் அடைத்தேன். எலி வந்தது, எலியைத் தேடிப் பாம்பு வந்தது, பூனை எதையும் கண்டுகொள்ளவில்லை. தென்னந்தும்பு நல்ல பொருள், ஆனால் ஒரு மழை நனைத்தால் மாதக்கணக்கில் ஊறல் நாற்றம். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை இலேசு, விலையும் குறைவு. எறும்புகள் அதைக் குடைந்து ஒரு நகரமே கட்டின. வெள்ளித்தாள் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று புத்தகத்தில் இருந்தது. அனுப்பியதுதான். ஆனால் காற்றில் இரவெல்லாம் சரசரத்து, யாரோ நடக்கிறார்கள் என்று மாமியைத் தூங்கவிடவில்லை.

பிறகு வயலை நிரப்பிக் கட்டிய குடியிருப்பில் எங்களுக்கு வீடு கிடைத்தது. கூரை அஸ்பெஸ்டஸ் சீற், நடுவில் இரட்டைப் பலகைத் தடுப்பு. மேற்குப் பக்கம் மாமியின் அறையும் அடுப்பும், கிழக்கில் நான். தடுப்புக்கு இரு பக்கமும் இருந்து பூனையுடன் கதைத்தோம். யுத்தம் முடியப்போகிற நாட்களில், வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிய ஒரு கட்டடக் குழுவினர் மிஞ்சிய கண்ணாடிப் பஞ்சை எனக்குத் தந்துவிட்டுப் போனார்கள். இரண்டு அறைக் கூரைக்கும் அடித்தேன். மீதி இருந்தது. அடுப்பு வெக்கை என் பக்கம் வராதிருக்க, தடுப்புப் பலகைகளின் இடைவெளியிலும் திணித்தேன். வீடு குளத்தடிபோல் குளிர்ந்தது. புத்தகங்கள் வென்றுவிட்டன என்று சொறிந்துகொண்டே மகிழ்ந்தேன்.

அதோடு தேத்தண்ணிக்கு அழைப்பு வருவது நின்றது. விறாந்தையில் கோப்பை ஆறி ஆடை படிந்து கிடக்கும். மாமிக்கு என்ன கோபம் என்று விளங்கவில்லை, கேட்கவும் கூச்சம். யுத்தம் முடிந்த செய்தி வந்த அன்று ஊர்ப்பக்கம் பட்டாசு வெடித்தது. என் யன்னலால் அது கேட்டது. வானொலியில் காரணத்தைத் தெரிந்துகொண்டு வாசிப்பைத் தொடர்ந்தேன். மறுநாள் காலை மாமி விறாந்தையில் குடையும் பையுமாக நின்றார். முகம் பூனையின் பக்கம். “பூனெ, நான் மாவடிப்பள்ளிக்குத் தங்கச்சிட வீட்ட போறன். நேத்து வெடிச் சத்தம் கேட்டு ஒடம்பெல்லாம் நடுங்கிச்சு. என்ன சத்தமெண்டு எத்தின தரம் கேட்டன். ஒரு பதிலில்ல. கதைக்க விருப்பமில்லாதவர்ர வீட்டுல நான் என்னத்துக்கு?”

வெளியே ஓட்டோ வந்து நின்றது. சுத்தியலை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்ப் பலகையைப் பெயர்த்தேன். பஞ்சைக் கைகளாலேயே இழுத்து எறிந்தேன். பலகையைத் திரும்ப அறைந்துவிட்டு, கண்ணெல்லாம் எரிய, தடுப்பைப் பார்த்து உரத்துச் சொன்னேன்: “பூனெ, நடுவில அடைச்சது நான்தான். ஒரு சத்தமும் வரல்ல. இப்ப கேக்கும் எண்டு சொல்லு.” ஓட்டோ திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அதில் மாமி இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் சொறியக்கூட மறந்து நின்றேன். பிறகு பலகைக்குப் பின்னால் பை வைக்கப்படும் ஓசை. “பூனெ, பாரைமீன் ஆக்கவா, முட்டை பொரிக்கவா எண்டு கேளு.”

மாமி மௌத்தாகி இப்போது சில வருடங்கள். பூனை அதற்கு முன்பே போய்விட்டது. அடுப்பு எரிவதில்லை, ஆனாலும் மேற்கு வெயில் அந்த அறையைக் காய்ச்சி, தடுப்பு வழியாக என்னிடம் வருகிறது. சுருள் மூலையில் நிற்கிறது; திரும்ப அடைப்பதற்கு ஒரு காலை வேலைதான். பின்னேரம் சூடேறும்போது பலகை ‘டக்’ என்று ஒரு சத்தம் போடும். வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து தலையை உயர்த்தி, நான் பதிலுக்கு “ஓம்” என்கிறேன்.