சட்டசபையில் கேட்காமல் விட்ட பஸ்

என் மச்சான் எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருஷமும் அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன் நான். அக்காவின் கணவர். திராட்சைத் தோட்டம், கட்சி, இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் மனசு போகாத மனிதர். நான் சின்னமனூரில் டுடோரியலில் தமிழ் நடத்துகிறவன், பட்டிமன்றக் கிறுக்கு வேறு. எதுகை மோனை கிடைத்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

முதல் தடவை ஜெயித்தவர்களுக்குச் சபையில் கடைசி வரிசை. பேச வாய்ப்பு வருவதே அபூர்வம். மச்சானுக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்த வாரம், மேகமலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு தொழிலாளி மனுவோடு வந்தார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு நாள் காலையில் தேனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸில் வந்தால், ஒதுக்கிய நேரம் தாண்டிவிடும். ஜீப் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"விடிய ஒரு பஸ்ஸு விட்டாப் போதும் சார். எம்.எல்.ஏ சபையில ஒரு வார்த்தை கேட்டாகன்னா விட்ருவாக," என்றார்.

"கண்டிப்பா கேப்பாரு," என்று நான்தான் சொன்னேன்.

மச்சானோ, "மாப்ள, கட்சித் தலைவரப் பத்தி ஆரம்பம் கனமா இருக்கணும். அவரு திரும்பிப் பாக்கணும்," என்றார். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். நானும் புகுந்து விளையாடினேன். முதல் இரண்டு பக்கம் புகழ்ச்சி, பிறகு தொகுதி, கடைசிப் பக்கத்தில் பஸ். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. சபையில் மேசை தட்டுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் மோனைக்கே தட்டினார்கள். மச்சான் குஷியாகி அதே வரியைத் திரும்பச் சொன்னார். மறுபடி தட்டினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று, பொய் சொல்வானேன். மணி அடித்தபோது அவர் இரண்டாம் பக்கத்தில்தான் இருந்தார். "முடிங்க, முடிங்க," என்றார் சபாநாயகர். மச்சான் தாள்களைப் புரட்டினார், "வாய்ப்புக்கு நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து நான் கத்தவா முடியும்? கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "தலைவரு சிரிச்சாரு மாப்ள, பாத்தியா?" என்றார்.

"பஸ்ஸு, மச்சான்?"

"அடுத்த தடவ கேட்டுருவோம்யா."

சாயங்காலமே மனு கொடுத்த எஸ்டேட்காரர் போன் செய்தார். தொழிலாளர் லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் சபை நேரலையை ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்களாம்.

"தலைவரப் பத்திப் பேசுனது ரொம்ப நல்லாருந்துச்சு சார். அதுக்கப்புறம் பாழாப்போன டவரு போயிருச்சு. பஸ்ஸப் பத்திக் கேட்டாகளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "என்ன சொல்றாக, என்ன சொல்றாக" என்று பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது.

"கேட்டாரு," என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் உண்மையைச் சொல்லிச் சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். கோழைகள் அப்படித்தான் நினைப்பார்கள்.

அடுத்த தடவை வரவேயில்லை. நான் எழுதி மச்சான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதத்துக்கு, பரிசீலனையில் இருப்பதாக ஒரு பதில் வந்தது. பிறகு தேர்தலும் வந்தது. சிரித்த தலைவர் சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

வேட்பாளர் பட்டியல் வெளியான மறுநாள் வீட்டு வாசலில் ஒரு வண்டி இல்லை. மச்சான் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்று அவரைத் தேடி வந்தவர்கள் அந்த எஸ்டேட் தம்பதி மட்டும்தான். அந்த அம்மாவுக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன.

"எங்களுக்காகச் சபையில பேசுனவுகளுக்குச் சீட்டு இல்லைங்குறாகளே, மனசு கேக்கல," என்றார் எஸ்டேட்காரர்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆண்டிபட்டியில எந் தங்கச்சி ஒரு ரூம ஒழிச்சுத் தாரேன், வந்து இருந்துக்கன்னா," என்றார் அந்த அம்மா. "அங்கனருந்து தேனிக்கு நெனச்ச நேரம் பஸ்ஸு. நாந்தேன் வேணாம்னுட்டேன். எம்.எல்.ஏ கேட்டுட்டாக, நமக்கே பஸ்ஸு வந்துரும், அவளுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு. இப்ப அவ மகனுக்குக் கல்யாணமாயி, மருமக வந்துட்டா. எடமில்ல. நமக்கு ரெண்டு வாட்டிக்கு ஒரு வாட்டிதேன் ஆஸ்பத்திரி போக முடியுது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. சொன்னால் அந்த அறை திரும்பி வந்துவிடுமா? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இவுக பதவி போனாலும், கேட்டத அங்கன எழுதி வச்சிருப்பாகல்ல சார்? அழிஞ்சிராதுல்ல?"

"அழியாதும்மா," என்று எனக்கு முந்திக்கொண்டு மச்சான் சொன்னார்.

அந்த அம்மா சுவரைப் பிடித்து எழுந்து எங்கள் இருவரையும் கும்பிட்டார்.