இடது கை தூக்கிய வகுப்பு

கல்வியைப் பற்றிப் பெனிட்டாவுக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு பிள்ளைக்குப் பயம் இருக்கக் கூடாது. புத்தகத்தில் பொறுக்கியது அல்ல அது. அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் செபஸ்தியானின் மகள் அவள், கப்பலைப் பார்த்தே வளர்ந்தவள். இவ்வளவு இரும்பு எப்படி மிதக்கிறது என்று சிறுவயதில் வகுப்பில் கேட்டதற்கு, இதுகூடத் தெரியாதா என்று டீச்சர் முட்டி போட வைத்தார். வகுப்பே சிரித்தது. பள்ளி முடியும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் உங்கள் கல்விக் கொள்கையை எழுதுங்கள் என்றபோது அதைத்தான் எழுதினாள். எழுதியதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். போன வருடம் செய்முறைத் தேர்வில் அதை நடத்தியே காட்டினாள். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பிள்ளைகள் தைரியமாக எழுந்து "மாலும் நஹி சார்", தெரியாது சார் என்றார்கள். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஃபெயில் போட்டுவிட்டுப் போனார்.

செபஸ்தியான் திட்டவில்லை. "இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். வேலைக்குப் போகும் மருமகள் அந்த வீட்டுக்கு வேண்டாமாம்.

இந்த முறை பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளி, நான்காம் வகுப்பு. வகுப்பாசிரியை விஜயகுமாரி நல்ல மனுஷி, இட்லி கொண்டுவந்தால் பாதி பெனிட்டாவுக்குத்தான்; தெரியாது என்கிற பிள்ளையை மட்டும் முட்டி போட வைப்பார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கும் வித்தையை அந்த அம்மாள் இவளுக்கும் சொன்னார். கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளையும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. நீ வலது கையாகப் பார்த்து எழுப்பு, அவ்வளவுதான்.

தன் கொள்கைக்கு இது நேர் எதிர் என்று பெனிட்டாவுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள். தூத்துக்குடி கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது வேறென்ன செய்வாள்? பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. அதிலும் சங்கவி என்கிற பெண், மிஸ்ஸும் தானும் சேர்ந்து வைத்திருக்கும் ரகசியம் என்று பூரித்துப்போனாள். பாடத்தில் மந்தம்தான், இடது கைக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

தேர்வன்று பாடம் மிதப்பது, மூழ்குவது. எந்தக் கேள்விக்கும் வகுப்பு முழுக்கக் கைகள். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முகம் மலர்ந்து, தானே ஒன்று கேட்டார். ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மூழ்கவில்லை? கைகள் எழுந்தன. பெனிட்டா வலது கை ஒன்றைத் தேடுவதற்குள் அவரே விரலை நீட்டினார்.

சங்கவி எழுந்தாள். தூக்கிய இடது கை இன்னும் இறங்கவில்லை. கண் மிஸ்ஸிடமே இருந்தது. அந்த ரகசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

"தெரியும் சார். இப்ப மறந்துட்டேன்" என்றாள் சங்கவி, துளிகூடத் தடுமாறாமல்.

மதியம் தலைமையாசிரியர் அறையில் வாய்மொழித் தேர்வு. கல்வியைப் பற்றி உங்கள் கொள்கை என்ன என்று தேர்வாளர் கேட்டார். பெனிட்டா அதே வரியைச் சொன்னாள். குரல் யாருடையதோ போல இருந்தது.

"அதைத்தாம்மா இன்னிக்கு உங்க கிளாஸ்ல பார்த்தேன்" என்றார் அவர். "மறந்துட்டேன்னு அந்தக் குழந்தை எவ்வளவு தைரியமாச் சொல்லுச்சு."

அவள் பாஸ். இனி இந்த வேலைதான், ஆயுசுக்கும்.

வாசலில் சங்கவி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி விஜயகுமாரி டீச்சர், சிரித்த முகமாக.

"மிஸ், நான் டீக்கா சொன்னேனா?"

வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன பெனிட்டாவுக்கு. கோபம் யார்மேல் என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். சரியாகச் சொன்னாய் என்று தலையைத் தடவினாள்.

"நாளைலேருந்து நீங்க வரமாட்டீங்கல்ல? டீச்சர் கேட்டாலும் தெரியலைன்னா லெஃப்ட் கைதானே மிஸ்?"

இல்லை, எழுந்து நின்று தெரியாது என்று சொல் என்பதுதான் அவளுடைய கொள்கை. சொன்னால் நாளைக்கு முட்டி போடப்போவது இந்தப் பிள்ளை. பெனிட்டா அதன் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"ஆமா, லெஃப்ட் கைதான்" என்றாள்.