அட்டையில் எழுதிய பெயர்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை படப்புத்தகம் என்றால் பனியும் சிவந்த கன்னமுள்ள பிள்ளைகளும்தான். துறைமுகப் பட்டணத்தை ஒட்டிய அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்த இரண்டு புத்தகங்களிலும் அவர்கள்தான் சறுக்கி விளையாடினார்கள். சண்டைக்காலம், எங்களை வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் விளையாட விடுவதே அருமை. எரிச்சலோடுதான் பக்கம் புரட்டுவேன்.

அந்த வருடம் வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டைத் தொலைத்த நண்டு ஒன்று எங்கள் துறைமுகத்தைச் சுற்றி வீடு தேடுகிற கதை. கதை சுமார்தான். படங்களோ என்னைக் கட்டிப்போட்டன. கடலுக்கு எங்கள் கடலின் நிறமே இருந்தது. நண்டுக்கு வழிகாட்டும் சிறுமி மஞ்சள் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் சுமந்தாள். அவளுடைய இடதுகால் செருப்பின் அறுந்த வாரில் ஓர் ஊசி குத்தியிருந்தது. என் செருப்பிலும் அதே காலில் அதே ஊசி. இந்தப் படங்களைக் கீறியது யாரென்று முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை தேடினேன். கதை எழுதியவருக்குப் பெயர் இருந்தது, அச்சடித்தவருக்கும் இருந்தது. படம் கீறியவருக்கு இல்லை.

அந்த ஊசியைக் குத்தித் தந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. துறைமுகத்துக்குள் ஒரு கந்தோரில் கட்டட வரைபடம் கீறுகிற வேலை அவருக்கு. கலியாணம் முடித்து ஒரு வருடம்; சித்தியும் அவரும் எங்கள் முன்னறையில்தான் இருந்தார்கள். கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரி மாதிரிப் புத்தகத்தை அவர் முன்னால் நீட்டினேன். அவர் சிரித்தார்.

"ஓம், நான்தான் கீறினனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன். போட்டால் நண்டு கடிக்கும் என்றார். குசினியிலிருந்து எட்டிப்பார்த்த சித்தி மறுபடி உள்ளே போய்விட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஓவியர் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சோறு தின்கிறார், ஊருக்குத் தெரியாது. சொல்லக்கூடாது என்றுதானே சொன்னார், எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். அட்டையின் உட்பக்கத்தில் நீலப் பேனையால் 'படங்கள் கீறியவர்' என்று போட்டு அவருடைய முழுப்பெயரை எழுதினேன். பெயர் மட்டும் நிற்பது குறைவாகத் தெரிந்ததால் கந்தோரையும் சேர்த்தேன்.

இராணுவம் ஊரை வளைத்து வீடுவீடாகத் தேடுகிற சுற்றிவளைப்பு என்றால் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. உடைக்க வைக்காமல் அலுமாரிக் கதவுகளை அம்மா தானே திறந்து விடுவார். பெரியவர்கள் அடையாள அட்டையோடு முற்றத்தில் வரிசையாக நிற்பார்கள். சித்தப்பா தன் படக் கடதாசிகளை முன்பே அடுப்பில் போட்டிருந்தார். என் பள்ளிக்கூடப் பையை ஒருவரும் நினைக்கவில்லை.

ஒரு காலையில் வந்தார்கள். பையைக் கவிழ்த்தவன் புத்தகத்தை மேலதிகாரியிடம் கொடுத்தான். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். நண்டைப் பார்த்து முதலில் சிரிக்கக்கூடச் செய்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. நடுப்பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. மலையிலிருந்து பார்த்த துறைமுகம் அது. இறங்குதுறை, கப்பல்கள், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடி. துறைமுகத்துப் பக்கம் கமராவோடு போகவே சனம் பயந்த காலம். அவன் அட்டையைத் திருப்பி, பெயரையும் கந்தோரையும் வாசித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டான்.

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். சித்தி நகம் பதிய என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்.

"நான்தான் எழுதினனான் ஐயா. அவருக்கு ஒண்டும் தெரியாது."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேலுக்குச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ள மட்டும் விட்டார்கள்.

அவர் திரும்பி வரவில்லை. சித்தி ஏறி இறங்காத வாசல் இல்லை. கேட்டவர்கள் எல்லாரிடமும், பெயரை எழுதியது தான்தான் என்றே சொன்னார். அப்பாவின் அக்காவான மாமி ஒருநாள் வந்திருந்து, சித்தியின் காதில் விழவே சொன்னார்:

"பெருமைக்குப் பேரை எழுதி என்ரை தம்பியைத் திண்டுபோட்டாள்."

சித்தி மறுத்து ஒரு கதை கதைக்கவில்லை. அந்தப் பழியோடேயே இருந்து, அதோடேயே செத்தும் போனார். எல்லாம் விளங்குகிற வயது வந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. இதற்கு மன்னிப்பு இருக்கிறது என்று நான் நம்பவும் இல்லை.

அவரைக் கொண்டுபோன அன்று கதவுக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். சித்தப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லாரும் தேற்றினார்கள். அவர் பின்னேரத்துக்குள் வந்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆத்திரமெல்லாம் சித்தியின் மேல்தான். எவ்வளவு வடிவாக நான் எழுதியதை, இந்த மனிசி தான் எழுதியதாகச் சொல்லிவிட்டாரே! என் தலையைத் தடவ வந்த சித்தியின் கையைத் தட்டிவிட்டேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவே இல்லை.