சட்டையைக் கழற்றாத மூன்று மாதம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுவது என் வேலை. கப்பல் தட்டில் நின்று விரலைச் சுழற்றினால், மேலே கண்ணாடிக் கூண்டில் இருப்பவர் சரக்கைத் தூக்குவார். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்துவார். வாயைத் திறக்கவே வேண்டாம். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் இடது மார்புக் காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. வலியில்லை. ஆம்பளைக்கு அந்த இடத்தில் கட்டி என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டிலும் சட்டையோடே திரிந்தேன்.

மாதம் ஒருமுறை திருச்செந்தூர் போவோம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். "நீ போயிட்டு வா, நான் செருப்பைப் பாத்துக்கிடுதேன்" என்று மனைவியை மட்டும் அனுப்பினேன். மூன்றாவது மாதம் அவள் நகரவில்லை.

"அறுந்த செருப்புக்கு என்ன காவல்? சட்டையைக் கழத்துங்க."

"கூட்டமா இருக்கு."

"ஊர் ஆம்பளை எல்லாம் கழத்திட்டு நிக்காவ. ஒங்களை மட்டும் பாக்கவா வந்திருக்காவ?"

அவளே பித்தானில் கை வைத்தாள். விரல் கட்டியில் பட்டதும் அவிழ்த்த பித்தானைத் திரும்பப் போட்டுவிட்டாள். சாமி கும்பிடாமலே பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்.

"கப்பல்ல இறக்குத கந்தகத் தூசியாலயா?" என்று கேட்டேன்.

"அதாலதான்னு சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்தக் கட்டியை வளர்க்கிறது ஈஸ்ட்ரோஜன்."

"அது பொம்பளைகளுக்கு உள்ளதுல்லா?" என்றாள் மனைவி.

"ஆண் உடம்புலயும் கொஞ்சம் ஊறும். அது கட்டியில போய் ஒட்டி, வளருன்னு சொல்லும். ஆபரேஷனுக்கு அப்புறம் குடுக்கிற மாத்திரை, அது ஒட்டுத இடத்துல முந்திப் போய் உட்கார்ந்துக்கிடும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "கிரேன்காரர் கண்ணை மறைச்சிட்டா, நான் என்ன கை ஆட்டினாலும் தூக்க மாட்டாரு" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் உள்ளே கை காட்டிக்கொண்டிருந்தது என் உடம்புதான்.

ஆபரேஷன் முடிந்தது. ஒரு பக்கம் தட்டை, குறுக்கே தழும்பு. தினமும் ஒரு மாத்திரை. அதனால் திடீர் திடீரென்று உடம்பு காந்தும். தூத்துக்குடி வெயிலில் பெரிதாக வித்தியாசம் தெரிவதில்லை.

போன மாதம் திருச்செந்தூர் வரிசையில் சட்டையைத் தோளில் போட்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் தழும்பையே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வெட்டுக்குத்தா?"

"மார்புல புத்து."

"ஆம்பளைக்கா?"

"ஆமா. கட்டி வந்தா ஒடனே காட்டிரணும். நான் மூணு மாசம் மறைச்சேன்."

வரிசை நகர்ந்தது. அவர் கையைக் கட்டிக்கொள்வது போல வைத்து, விரலால் மெல்ல மார்பை அழுத்திப் பார்த்தார். முடிக்கட்டும் என்று நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.