கொளஞ்சி வாங்கிய ஃபேன்

மத்தியானம் சேகர் அண்ணன் போன் செய்தார். கொளஞ்சியைப் போலவே அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், இருவருக்கும் ஒரே ஓனர்.

"தம்பி, கல்லு எறக்கற வரிசைல நின்னோம். முன்னாடி நின்ன வண்டியெல்லாம் நகந்துருச்சு. கொளஞ்சி வண்டி மட்டும் நகரல. ஹாரன் அடிச்சேன். தூங்கறான்னு நெனச்சுத் திட்டிக்கிட்டே போயிக் கதவத் தொறந்தேன். ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குதுடா, உசுரு இல்ல."

பெரம்பலூரில் எங்கள் கம்ப்யூட்டர் கேம் கடையில் அப்போது யாரும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. திரையில் கார் ரேஸ் ஓட்டுகிற ஸ்டியரிங்கிற்கு அது ஓய்வு நேரம். அதன் பின்புறம் கட்டியிருந்த சின்ன ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடி அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்கு வந்து போனவர்களுக்குக் கொளஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவனும் ஒரே வகுப்பில் மெக்கானிக்கல் படித்தோம். எங்கள் மாவட்டத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, படித்தவனுக்கு வேலைதான் இல்லை. அவன் ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரியில் ஏறினான். நான் கடன் வாங்கிக் கடை வைத்தேன். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் பஸ் ஏறி வந்து ஸ்டியரிங் பிடிப்பான்.

"வாரம் முழுக்க ஓட்டறியே, சலிக்கலயாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுல ஓவர்லோடு கெடையாது மாப்ள. குறுக்க மாடு வராது. ரோடு ரோடா இருக்கு பாரு" என்றான்.

அந்த ஸ்டியரிங், பழையது ஒன்றைத் தேடி வாங்கியது. வளைவில் திருப்பினால் நிஜ வண்டிபோலக் கையை எதிர்த்து இழுக்கும். இழுப்பதற்கு உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் சூடேறும், இழுப்பு தளரும், அதற்கும் மேல் போனால் கருகிவிடும். கொளஞ்சிதான் அதற்குச் சட்டம் போட்டான். இழுப்பின் பலத்தைப் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது. முழுக்கத் திருப்பி முட்டவைத்துப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு ரேஸ் முடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். சூட்டைப் பார்க்க அவனிடம் ஒரே கருவிதான். காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோலப் புறங்கையை அதன் மேல் வைப்பான்.

ஒரு ஆயுத பூஜைக்குக் கடையே மணக்கும்படி சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பூசினோம். ஸ்டியரிங்கிற்குக் கொஞ்சம் கூடுதல் பக்தி. மறுநாள் இரண்டாவது ரேஸிலேயே அது செத்த பாம்பாகத் தொங்கிவிட்டது. கொளஞ்சி வந்து திருப்பிப் பார்த்தான். காற்று போகும் ஓட்டைகள் முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஒரு சேஃப்டி பின்னை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தான். "கும்புடுங்கடா, வேணாங்கல. மூக்க அடச்சா கும்புடுவீங்க?" என்றான்.

இன்னொரு நாள், ஓய்வு நேரத்தில் ஒரு கல்லூரிப் பையன் சண்டைக்கு வந்தான். "காசு குடுத்துட்டு சும்மா ஒக்காரவாண்ணா வந்தோம்?"

கொளஞ்சி அவன் கையைப் பிடித்துப் புறங்கையை மோட்டார் மேல் வைத்தான். "எப்படி இருக்கு?"

"சுடுது."

"ஒனக்கு இப்படி இருந்தா ஒங்கம்மா காலேஜுக்கு அனுப்புமா?"

"அனுப்பும்ணா."

கடையே சிரித்தது. "அப்ப ஒங்கம்மாவ வரச்சொல்லு, அவங்ககிட்டப் பேசிக்கறேன். நீ ஒக்காரு" என்றான். பையன் உட்கார்ந்துவிட்டான்.

ஃபேன் வந்தது போன கோடையில். லாரி கேபினில் மாட்டுகிற சின்ன ஃபேன். எஞ்சின் சூடு கீழிருந்து, தகரக் கூரையின் சூடு மேலிருந்து, நடுவில் இவன். தாங்க முடியாமல் சொந்தக் காசில் வாங்கி மாட்டியிருக்கிறான். மறுநாளே ஓனர் கழற்றச் சொல்லிவிட்டார். அவர் பேசியதை எங்களுக்கு நடித்தே காட்டினான்: "காத்து வாங்கிக்கிட்டு சொகமாத் தூங்கிருவ. கல்ல எவன் எறக்கறது? வயரிங்ல கைய வச்சா வண்டிய விட்டு எறங்கிரு."

பையிலிருந்து ஃபேனை எடுத்து ஸ்டியரிங்கிற்குப் பின்னால் கட்டினான். பழைய அடாப்டர் ஒன்றில் வயரைச் சேர்த்தான். றெக்கை சுழன்றதும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இனிமே இவருதான்டா ஃபேன் வச்ச டிரைவரு" என்றான். அதன்பிறகு அது ஒருநாளும் தளரவில்லை.

அவனுடைய ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஓனர் பெரிய மாலையோடு வந்தார். "நெஞ்சுவலின்னா யாரு என்ன பண்ண முடியும்? விதி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கொளஞ்சியின் மனைவி ரேவதி தலையைத் தூக்கினாள். "நெஞ்சுவலி இல்லங்க. காலைல போன்ல பேசனாரு. கேபின்ல ஒக்கார முடியல, ஒடம்பெல்லாம் எரியுதுன்னாரு. எறங்கி நெழலுக்குப் போயேன்னு சொன்னேன். எறங்கனா வரிசை போயிரும், ஓனரு வைவாருன்னாரு."

ஓனர் சட்டைப் பையில் கையை விட்டார். "பொட்டி வாடகைய நான் குடுத்துடறேம்மா" என்றார்.

நான் போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல் புறங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. உயிரோடிருந்தவனுக்குக் காற்றை மறுத்த மனிதர், செத்தவனுக்குக் குளிர்ச்சிக்கு வாடகை கொடுத்தார்.

ஊர் முனையில் வைத்த ஃபிளக்ஸில் 'மாரடைப்பால் காலமானார்' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொளஞ்சி மாரடைப்பால் சாகவில்லை. சூட்டில் செத்தான். இறங்கினால் வரிசை போகும், ஓனர் வைவார் என்கிற பயத்தில், இறங்காமல் செத்தான்.

காரியம் முடிந்த பிறகு ஸ்டியரிங்கிலிருந்து ஃபேனைக் கழற்றி சேகர் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் தயங்கினார். "ஓனரு கழட்டச் சொல்லுவாரு தம்பி."

"சொன்னா, இது கொளஞ்சியோடதுன்னு சொல்லுங்கண்ணே."

தன் லாரியில் மாட்டிவிட்டார். இதுவரை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

ஃபேன் இல்லாததால் ஸ்டியரிங் இப்போது சீக்கிரம் சூடாகிறது. ஒரு ரேஸ் முடிந்ததுமே நிறுத்திவிடுகிறேன். வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தப் புறங்கைதான். மோட்டார் மேல் வைத்துப் பார்க்கிறேன். சுட்டால், ஆறுகிறவரை எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்.