முந்தானைக்குள் எண்கள்

எடப்பாடி ஜெயப்பிரியாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், போன் மணி அடித்தால்கூடப் பயம். ஏற்றுமதிக் கம்பெனியில் ஆறு வருடம் இத்தாலிக்காரர்களுக்கு மெத்தை விரிப்பு விற்று, அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டவள். இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், மளிகை மண்டிக்கு மேல்மாடியில், இத்தாலிக்கு வேலைக்குப் போகும் நர்சுகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்புக்குப் படியேறும்போது பாதியில் நின்று சாமியைக் கும்பிடாத நாள் கிடையாது.

அன்றைக்குப் பயம் இரட்டிப்பு. மறுநாள் நர்சுகளுக்கு இத்தாலி ஆஸ்பத்திரியின் வீடியோ நேர்முகத் தேர்வு. எண்ணில் தடுமாறுகிற நர்சு மருந்தின் அளவிலும் தடுமாறுவாள் என்று முதலில் எண்களைத்தான் கேட்பார்கள். பயிற்சி நிலையத்து முதலாளி தனசேகர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "நாலு மணிக்கு வாரேனுங்க. தேறாதவங்க பேரை லிஸ்ட்டுல இருந்து எடுத்துருவேன்."

தேறாத பேர் ஒன்றே ஒன்று. மேச்சேரி சென்னியம்மாள், வயது நாற்பத்தொன்று. பத்தொன்பது வருடம் ஊசி போட்ட கை. ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் கல்லாகிவிடுவாள். அடுத்த முறைக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஜெயப்பிரியா எல்லோரையும் வட்டமாக நிறுத்திப் பந்து எறியச் செய்தாள். பிடிப்பவர் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். ஊனோ, தூயே, த்ரே என்று ஓடிவந்த பந்து சென்னியம்மாள் கையில் நின்றது. நின்றதுதான். தம்போலா சீட்டு கொடுத்து, தான் இத்தாலியில் சொல்லும் எண்ணை அடிக்கச் சொல்லிப் பார்த்தாள். சீட்டு முழுக்க அடித்து முடித்தும், ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல அந்த மகராசி வாயைத் திறக்கவில்லை. மணி மூன்று. கோபம் வர வேண்டிய இடத்தில் ஜெயப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. ஒருத்தியின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிடுவோமோ என்று பயந்து, போய் அவள் கையைப் பிடித்தாள்.

சிக்கியது மூன்று விரல். சென்னியம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"மூணுங்களா?"

"என்ன மூணு?"

"எங்கப்பன் ஆட்டுத் தரகருங்க. சந்தையில வாயால வெலை பேச மாட்டாங்க. துண்டைப் போட்டு மூடிக்கிட்டு வெரலைப் புடிச்சுத்தான். கூடவே போயிப் பழகுனவ நானு."

ஜெயப்பிரியா தன் துப்பட்டாவை இருவர் கைமேலும் போட்டாள். ஐந்து விரலைப் பிடித்தாள்.

"சிங்க்வே," என்றாள் சென்னியம்மாள்.

நாலைப் பிடித்து, விட்டு, ஒன்றைப் பிடித்தாள்.

"க்வரந்தூனோ. என் வயசுங்க!"

அரை மணி நேரத்தில் வகுப்பே ஜோடி ஜோடியாகத் துப்பட்டாவுக்குள் கையை விட்டிருந்தது.

"இதென்னங்க, ஆட்டுச் சந்தையா?"

தனசேகர் முன்னதாகவே வந்துவிட்டார். சிரிக்கவில்லை. நேராகச் சென்னியம்மாளிடம் போனார். "எத்தனை வருச சர்வீசுங்க? இத்தாலியில சொல்லுங்க."

சென்னியம்மாள் மறுபடி கல்லானாள். ஜெயப்பிரியா ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். போய்க் கையைப் பிடிக்கவும் முடியாது, அவர் பார்க்கிறார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபோது சென்னியம்மாள் தன் முந்தானைக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். முந்தானை லேசாக அசைந்தது.

"தீச்சன்னோவே." சரியாகப் பத்தொன்பது.

போன் நம்பர் கேட்டார். ஒரு கை மறு கையின் விரல்களைப் பிடிக்கப் பிடிக்க, பத்து எண்ணும் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. தனசேகர் பட்டியலில் டிக் போட்டுவிட்டுப் போனார்.

ஜெயப்பிரியா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். சென்னியம்மாள் பக்கத்தில் வந்தமர்ந்து, முந்தானையை இருவர் கைமேலும் இழுத்துவிட்டாள்.

"நாளைக்குப் பேசப்போறது நானுங்க டீச்சர். உங்க கை ஏனுங்க இப்படி நடுங்குது?"

ஜெயப்பிரியா கையை எடுத்துக்கொள்ளவில்லை.